நிலத்தை மட்டும் பழிப்பதேன்?

சென்ற வாரம் நம் அலுவலகத்துக்குத் தோழர் ஒருவர் வந்திருந்தார். நூற்பாலைத் தொழிலாளி. ஊர்வலமென்றால் கொடியை முதலில் தூக்குபவர். கூட்டமென்றால் பந்தல்கால் நடுபவர். அன்று அவர் முகத்தில் களையில்லை. திருமணமாகி ஒன்பது ஆண்டுகள், பிள்ளையில்லை. தாயார் வேறு பெண் பார்க்கத் தொடங்கிவிட்டாராம். "என்ன செய்யறதுன்னு தெரியலைங்க" என்றார்.

இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். கணக்குச் சொன்னார். மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து லாட்ஜில் தங்கும் வைத்தியரிடம் லேகியம் மூன்று மண்டலம். சுவரொட்டி பார்த்துத் தபாலில் வரவழைத்த சூரணம். யாரோ சொன்ன நெய் மருந்து. போனஸ் பணம் போயிற்று. சீட்டுப் பணம் போயிற்று. மனைவியின் தோடும் போயிற்று. மருந்தெல்லாம் உண்டவர் மனைவி. பத்தியம் இருந்தவரும் மனைவி. "மலடி" என்று பேச்சு வாங்கியவரும் மனைவிதான்.

"நீங்கள் உங்களைப் பரிசோதித்துக்கொண்டீர்களா?" என்று கேட்டோம்.

"எனக்கென்னங்க? நல்லாத்தானே இருக்கேன்!" என்றார்.

தோழர்களே, இந்த ஒரு பதிலுக்காகத்தான் இன்று இந்தப் பத்தியை எழுதுகிறோம். இது அந்த ஒரு தோழரின் பதிலன்று. நம்மில் பெரும்பாலோரின் பதில்.

நாம் ஆயுர்வேதத்தின் பகைவரல்லர். பழையதென்பதற்காக ஒன்றைத் தூக்கி எறிபவரும் அல்லர். பழையதென்பதற்காகத் தலைமேல் வைத்துக் கொண்டாடுபவரும் அல்லர். அந்த வைத்தியத்தின் பெயரைச் சொல்லி விற்பவர்கள் சொல்வதை விட்டுவிட்டு, அந்த வைத்தியத்தின் நூல்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

ஆயுர்வேதம் தன்னை எட்டுப் பிரிவுகளாக வகுத்துக்கொண்டிருக்கிறது. எட்டில் ஒன்றுக்கு வாஜீகரணம் என்று பெயர். வாஜி என்றால் குதிரை. அது யாருக்கான வைத்தியம்? ஆணுக்கான வைத்தியம்! சந்ததியற்ற ஆணை நிழலும் தராத, கனியும் தராத மரத்துக்கு ஒப்பிட்டுப் பேசுகிறது சரக சம்ஹிதை. சுசுருத சம்ஹிதையோ சாரீர ஸ்தானத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் விந்தின் குறைகளை முதலில் வகைப்படுத்துகிறது. அதன் பின்னரே பெண்ணின் குறைகளுக்கு வருகிறது. கருத்தரிக்க நான்கு வேண்டும் என்று அதே நூல் சொல்கிறது: பருவம், நிலம், நீர், விதை. காலம் ஒன்று, கருப்பை ஒன்று, ஊட்டம் ஒன்று, வித்து ஒன்று. நான்கும் கூடினால்தான் முளை.

உழவனுக்கு இது தெரியாதா? விதைத்தது முளைக்கவில்லையென்றால் விதைநெல் சொத்தையா என்று முதலில் பார்க்கிறான். வயலில் இருக்கும் அந்த அறிவு வீட்டுக்குள் நுழையும்போது வாசலிலேயே நின்றுவிடுகிறதே! நிலத்தை மட்டும் பழிக்கிறோம். வேறு நிலம் தேடிப் புறப்படுகிறோம். சொத்தை விதையைச் சுமந்துகொண்டு இன்னொரு பெண்ணின் வாழ்விலும் போய் இறங்குகிறோம்.

இன்றைய மருத்துவம் என்ன சொல்கிறது? பிள்ளைப்பேறு இல்லாத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆணின் குறையும் ஒரு காரணமாக இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தத் துன்பத்தைச் சந்திக்கிறார். இது சாபமன்று; பாவமன்று; வெட்கப்படவும் ஏதுமில்லை. காய்ச்சலைப் போல, கண்புரையைப் போல உடம்பின் சங்கதி.

சரி, மருந்துகள்? ஆயுர்வேதத்தில் ஆணுக்கு அமுக்கராக் கிழங்கு, பூனைக்காலி விதை, நெருஞ்சில், உளுந்து, பால், நெய் என்று சொல்லப்படுகின்றன. பெண்ணுக்குத் தண்ணீர்விட்டான் கிழங்கு, அசோகப்பட்டை, பலகிருதம் என்னும் நெய் மருந்து. மருந்துக்கு முன் உடம்பைச் சுத்தி செய்ய வேண்டும், உணவையும் உறக்கத்தையும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அந்த வைத்தியத்தின் விதி. அமுக்கராவைப் பற்றிச் சிறிய அளவில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. விந்தணு எண்ணிக்கை கூடியதாகச் சில சொல்கின்றன. பேரளவில் உறுதிப்பட்ட முடிவு இல்லை. அதே கிழங்கு சிலருக்கு ஈரலைத் தாக்கியிருக்கிறது. கருவுற்ற பெண் அதைத் தொடவே கூடாது. 2023இல் டென்மார்க் நாடு அதைத் தடை செய்தது. "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்பது அறியாமை. வேலை செய்யும் மருந்து எதுவும் கேடும் செய்ய வல்லது.

பழைய நூல்களில் பிழையும் உண்டு. இரட்டைப்படை இரவில் கூடினால் ஆண், ஒற்றைப்படை இரவில் கூடினால் பெண் என்று அவை சொல்கின்றன. பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தணு சுமந்து வரும் இனக்கீற்று. 1905இலேயே அது கண்டறியப்பட்டுவிட்டது. ஆனால், 'ஆண் பிள்ளைக்கு மருந்து' என்று விற்கும் கூட்டம் இன்றும் ஒழியவில்லை. அந்த மருந்து உள்ளே என்ன செய்கிறது? 2011-12இல் நியூயார்க் நகரில் கருவுற்ற பெண்கள் ஆறு பேரின் இரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. காரணம், இந்தியாவிலிருந்து போன ஆயுர்வேத மருந்துகள். 2004இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பண்டங்களைச் சோதித்தார்கள். 14இல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்தது. ஈயம் விந்தணுவைக் கெடுக்கும். தாயின் இரத்தம் வழியே சிசுவையும் எட்டும். பிள்ளை வேண்டி உண்ணும் மருந்தே பிள்ளைக்கு எமனாவதா!

"அந்த லேகியம் சாப்பிட்டுத்தான் எங்கள் ஊரில் ஒருவருக்குப் பிள்ளை பிறந்தது" என்பார்கள். பிறந்திருக்கலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். கருத்தடை ஏதுமின்றி வாழும் நூறு தம்பதியரில் சுமார் 84 பேர் முதல் ஆண்டிலேயே கருத்தரிக்கிறார்கள். மீதி 16 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர், மருந்தே இல்லாமல், இரண்டாம் ஆண்டில் கருத்தரிக்கிறார்கள். அந்த எட்டுப் பேரும் இரண்டாம் ஆண்டில் லேகியம் சாப்பிட்டிருந்தால்? புகழ் முழுவதும் லேகியத்துக்கே போகும்! பிறக்காத எட்டுப் பேரின் கதையை எந்தச் சுவரொட்டியாவது சொல்லியிருக்கிறதா?

அந்த எட்டுப் பேருக்குத்தான் உண்மையான இழப்பு. நம் நாட்டில் காசநோய் கருக்குழாயை அடைத்துவிடும் கொடுமை இன்றும் உண்டு. அடைபட்ட குழாயை எந்த நெய்யும் திறக்காது. ஆணின் விந்துப்பாதை அடைபட்டிருந்தால் எந்தச் சூரணமும் வழிவிடாது. பெண்ணின் வயது ஏற ஏறக் கருத்தரிக்கும் வாய்ப்பு குறையும். 35க்கு மேல் விரைவாகவே குறையும். மண்டலம் மண்டலமாக லேகியத்தில் கரைவது பணம் மட்டுமன்று, தோழர்களே. திரும்பி வராத ஆண்டுகளும் சேர்ந்தே கரைகின்றன.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1954ஆம் ஆண்டு மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம், பெண்ணின் மலட்டுத்தன்மையையும் ஆணின் ஆண்மைக் குறைவையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. முதன்முறை குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது; விளம்பரமோ பேருந்து நிலையக் கழிப்பிடச் சுவரில் இருக்கிறது, இன்று கைப்பேசிக்குள்ளும் வந்துவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஆள்வோரைக் கேட்கிறோம்: ஏழையின் ஏக்கத்தை விற்றுப் பிழைப்பவனைப் பிடிக்க இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

தொழிலாளிக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ராப் என்னும் ஊரில், பூச்சிக்கொல்லி செய்யும் ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஓர் உண்மை வெளிப்பட்டது: அவர்களில் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லை. சோதித்துப் பார்த்தார்கள், பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்கு அறவே இல்லை. அவர்கள் கையாண்ட டி.பி.சி.பி. என்னும் இரசாயனமே காரணம் என்று தெரிந்தது. 1979இல் அந்நாட்டில் அதன் பெரும்பாலான உபயோகம் தடை செய்யப்பட்டது. வைத்தியர் கண்டுபிடித்ததன்று அது. தொழிலாளர்கள் வெட்கத்தை விட்டு ஒருவரோடொருவர் பேசியதால் வெளிவந்தது! உலைக்கருகே நின்று வேகுபவர், பேட்டரிப் பட்டறையில் ஈயத்தோடு புழங்குபவர், மருந்து தெளிப்பவர் ஆகிய நம் தோழர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். சங்கக் கூட்டத்தில் கூலியைப் பேசுவோம்; போனஸைப் பேசுவோம்; இதையும் பேசுவோம்.

செய்ய வேண்டியது இதுதான். ஓராண்டு ஆகியும் கருத்தரிக்கவில்லையென்றால், மனைவிக்கு 35 வயதைக் கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஆணின் சோதனை எளிது, செலவு குறைவு, கத்தியில்லை, வலியில்லை. ஆகவே அதை முதலிலேயே செய்துவிடுங்கள். பீடியையும் குடியையும் விடுங்கள். விந்தணு உருவாகி வெளிவர இரண்டரை மாதம் ஆகிறது, ஆகையால் விட்டதன் பலன் தெரிய மூன்று மாதமாவது பொறுங்கள். ஆயுர்வேதம்தான் வேண்டுமென்றால், காரணம் தெரிந்த பிறகு, பட்டம் பெற்றுப் பதிவு செய்த வைத்தியரிடம் செல்லுங்கள். உண்ணும் மருந்தின் பெயரை இரு மருத்துவரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். பெயர் சொல்ல மறுக்கும் வைத்தியரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கருத்தரிப்புக்குத் துணை செய்வனவற்றுள் தலையாயது மனமகிழ்ச்சி என்கிறது சரக சம்ஹிதை. அமுக்கராவன்று, நெய்யன்று; மனமகிழ்ச்சி! மகிழ்ந்திருந்தால் மட்டும் அடைபட்ட குழாய் திறந்துவிடாது. அதை நாம் சொல்லவில்லை. ஆனால், விடிந்தால் ஏச்சு, அடைந்தால் பேச்சு, விசேஷ வீட்டில் பின்வரிசை என்று ஒரு பெண்ணை வைத்துவிட்டு, அவள் வாயில் அந்த நூலின் பெயரால் லேகியத்தை ஊட்டுகிறோமே, இது எந்த வைத்தியத்தில் சேர்த்தி? வாங்கிய மருந்தையெல்லாம் நினைவு வைத்திருக்கிறோம். காசு கேட்காத மருந்தை மட்டும் மறந்துவிட்டோம்.

இவற்றையெல்லாம் அந்த நூற்பாலைத் தோழரிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாமல் இருந்தார். "எங்கம்மாகிட்ட யார் சொல்றதுங்க?" என்றார். நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றோம். ஆயிரம் பேர் கூட்டத்தில் மேடையேறி முழங்கத் தெரிந்தவருக்கு, அடுப்படியில் நின்று பெற்ற தாயிடம் 'குறை என்னிடமும் இருக்கலாம் அம்மா' என்று சொல்வது எளிதாக இல்லை. ஆனால் எழுந்து போகுமுன் சொன்னார்: "திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேனுங்க. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போறோம். முதல்ல எனக்குத்தான் பார்க்கச் சொல்லப் போறேன்."

சோதனை முடிவு என்னவாயினும் ஆகட்டும். அந்த வீட்டில் ஒரு பெண் இனித் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதில்லை. தோழர்களே, உங்கள் வீட்டில்?