குறைந்த செலவில் கேமிங் கணினி: ப்ராசஸர் தேர்வு

ப்ராசஸர் எனப்படும் நுண்செயலி, கணினியின் கணக்குகளையும் கட்டளைகளையும் நிறைவேற்றும் முதன்மைச் சில்லு. கணினி விளையாட்டுக்காகக் குறைந்த செலவில் ஒரு கணினியை அமைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "ஐ5 போதுமா, ஐ7 வேண்டுமா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு அப்படியே விடை சொல்ல முடியாது. தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறோமா, எந்த விளையாட்டுகளை ஆடப் போகிறோம், மானிட்டர் நொடிக்கு எத்தனை படங்களைக் காட்டும் என்ற மூன்றும் தெரிந்த பிறகே ப்ராசஸரின் பெயருக்கு வர வேண்டும்.

கடலூர் மாவட்டத்தின் நெய்வேலி போன்ற ஓர் ஊரில் இதோடு வேறு சிலவும் சேர்ந்துகொள்கின்றன. 1956இல் தொடங்கப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் ஊழியர்களுக்காக வட்டம் வட்டமாக எழுப்பப்பட்ட நகரியம் இது. ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தை இங்கு கிடையாது. பாகங்களை இணையவழியில் வரவழைக்க வேண்டும். இல்லையெனில் புதுச்சேரிக்கோ, ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கோ போக வேண்டும். ஒரு பாகம் பொருந்தாமல் போனால் அதை மாற்ற ஒரு முழு நாளும் பேருந்துச் செலவும் ஆகும். கோடை வெயிலும் கடுமை. கல்லூரியில் சேரும் மாணவருக்கு வீட்டில் ஒருமுறைதான் கணினிக்குப் பணம் தருவார்கள். அந்த ஒருமுறை சரியாக அமைய வேண்டும்.

விளையாட்டில் ப்ராசஸரின் பங்கு

திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கட்ட வேலை உண்டு. எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எதில் பட்டது, எந்தப் பொருள் நகர்ந்தது என்ற கணக்குகளை முடித்து, வரைய வேண்டியவற்றின் பட்டியலைத் தருவது ப்ராசஸர். அந்தப் பட்டியலைப் பார்த்து வரைவது கிராபிக்ஸ் கார்டு. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமானால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடி. 144 படங்கள் வேண்டுமானால் வெறும் 6.9 மில்லி நொடி. இருவரில் மெதுவானவர் எவரோ அவருடைய வேகம்தான் விளையாட்டின் வேகம்.

60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளை ஆடுபவருக்கு, பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் தடையாக இருக்கும். அவர் விலை உயர்ந்த ப்ராசஸர் வாங்கினால் அது பெரும்பகுதி நேரம் காத்துக்கொண்டிருக்கும். வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி விளையாட்டுகளை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் ஆடுபவருக்கு நிலைமை தலைகீழ். வரையும் வேலை எளிது, ப்ராசஸர்தான் திணறும்.

ஏற்கெனவே ஒரு கணினி வைத்திருப்பவர் எது தடை என்பதைத் தாமே சோதித்துக்கொள்ளலாம். விளையாட்டின் காட்சித் தரத்தையும் தெளிவையும் ஒரேயடியாகக் குறைத்துப் பாருங்கள். படங்களின் எண்ணிக்கை கூடினால் தடை கிராபிக்ஸ் கார்டு. அப்படியே இருந்தால் ப்ராசஸர். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸரின் பயன்பாடு 30 விழுக்காடு என்று காட்டுவதை நம்பிவிட வேண்டாம். அது எல்லா கோர்களின் சராசரி. ஒரே ஒரு கோர் முழுச் சுமையோடு திணறும்போதும் சராசரி அப்படித்தான் காட்டும். விளையாட்டுகள் பல கோர்களுக்கு வேலையை ஓரளவே பிரித்துக் கொடுக்கின்றன. ஆகவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் திறனும், ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கேச் நினைவகத்தின் அளவும் முக்கியம். இன்றைய நிலையில் 6 கோர் நல்ல அளவு. 4 கோரும் 8 த்ரெட்டும் குறைந்தபட்சம்.

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணம் இல்லாதபோது

இந்நிலையில் ப்ராசஸருக்குள்ளேயே வரையும் பகுதி உள்ளதா என்று பார்க்க வேண்டும். இன்டெலின் பெயரில் 'எஃப்' என்ற எழுத்து முடிவில் வந்தால் அந்தப் பகுதி இல்லை என்று பொருள். ஐ3-12100எஃப் சிறந்த ப்ராசஸர்தான். ஆனால் கார்டு இல்லாமல் அதை இயக்கினால் திரையில் எதுவும் வராது. எழுத்து எதுவும் இல்லாத ஏ.எம்.டி. ரைசன் 5 5600க்கும் அதே கதிதான். சில நூறு ரூபாய் குறைவு என்று பார்த்து இதில் சிக்குபவர்கள் உண்டு.

ரைசன் 5 5600ஜி, அதற்கு அடுத்த தலைமுறையின் 8600ஜி ஆகியவற்றில் ஓரளவு வலுவான வரையும் பகுதி உள்ளது. வேலரன்ட், ஜி.டி.ஏ. 5 போன்றவற்றைக் குறைந்த அல்லது நடுத்தரக் காட்சித் தரத்தில் இவற்றில் ஆடலாம். இவை தனி நினைவகம் இல்லாமல் கணினியின் ரேமையே பகிர்ந்துகொள்கின்றன. அதனால் 16 ஜி.பி. ரேம் ஒன்றை வாங்குவதைவிட 8 ஜி.பி. ரேம் இரண்டை வாங்கிப் பொருத்துவது நல்லது. 3200 வேகமுள்ள டி.டி.ஆர்.4 ரேம் ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. தரவைக் கடத்தும், இரண்டு ரேம் இணைந்தால் 51.2 ஜி.பி. காசு ஏறத்தாழ ஒன்றுதான், விளையாட்டில் தெரியும் வேறுபாடோ பெரிது.

"இப்போது 5600ஜி, அடுத்த ஆண்டு கார்டு" என்று திட்டமிடுபவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 5600ஜியின் மூன்றாம் நிலை கேச் 16 எம்.பி.; 5600க்கு 32 எம்.பி. கார்டோடு பேசும் பாதையும் 5600ஜியில் ஒரு தலைமுறை பழையது. விலை குறைந்த கார்டுகளில் சில, ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. போன்றவை, அந்தப் பாதையில் நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய தலைமுறையில் கூடுதலாகத் தடுமாறும். கார்டு ஆறு மாதத்தில் உறுதியாக வரும் என்றால் பொறுத்திருந்து 5600 வாங்குவதே மேல். கார்டு வருமா என்றே தெரியாது என்றால் 5600ஜியை வாங்கி இன்றே ஆடத் தொடங்கலாம். ரைசன் 5 5500, பெயரில் 5600க்கு அருகில் இருந்தாலும், உள்ளே வரையும் பகுதி நீக்கப்பட்ட 5600ஜியை ஒத்தது. விலை வேறுபாடு சிறிதென்றால் 5500ஐத் தவிர்க்கலாம்.

கார்டு வாங்குவோர்க்கு என் கணக்கு இது: ப்ராசஸருக்கு ஒரு பங்கு என்றால் கார்டுக்கு இரண்டு பங்கு. மிகச் சிக்கனமானால் ஐ3-12100எஃப், கொஞ்சம் கூடினால் ஐ5-12400எஃப் அல்லது ரைசன் 5 5600. இவற்றுக்கு மேல் போகும் ஒவ்வோர் ஆயிரமும் கார்டிலிருந்து பிடுங்கப்பட்ட ஆயிரம்.

பழைய 'ஐ7' மலிவா?

அலுவலகங்கள் கழித்த கணினிகளைத் துடைத்து, "ஐ7 கேமிங் பி.சி." என்ற பெயரில் விற்பது எங்கும் நடக்கிறது. விளம்பரத்தில் தலைமுறை எண் இருக்காது. ஐ7-2600 வெளிவந்தது 2011இல். அதிலும் 4 கோர், 8 த்ரெட். 2022இல் வந்த ஐ3-12100எஃப்பிலும் 4 கோர், 8 த்ரெட். ஆனால் ஒரு கோரின் திறனில் பின்னது ஏறத்தாழ இரு மடங்கு. ஐ7 என்பது அந்தந்த ஆண்டின் வரிசையில் ஓர் இடம், அவ்வளவே.

வேகம் குறைவு என்பதோடு இது முடிவதில்லை. 2013க்கு முந்தைய இன்டெல் ப்ராசஸர்களில் ஏ.வி.எக்ஸ்.2 என்ற கட்டளைத் தொகுதி கிடையாது; அதைக் கேட்கும் சில புதிய விளையாட்டுகள் அவற்றில் திறக்கவே மாட்டா. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெலில் எட்டாம் தலைமுறையையும் ரைசனில் 2000 வரிசையையும் கீழ் எல்லையாக வைத்திருக்கிறது. குறுக்குவழியில் நிறுவிவிடலாம் என்று கடைக்காரர் சொல்வார், அது உண்மையும்கூட. ஆனால் விண்டோஸ் 11இல் வேலரன்ட் ஓட டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் செக்யூர் பூட்டும் வேண்டும். எந்த விளையாட்டுக்காகக் கணினி வாங்கினாரோ அது ஓடாமல் மாணவர் விழிக்க நேரும். எனவே பழைய கணினிதான் வாங்க முடியும் என்றால் ஐ3-8100, ஐ5-8400 போன்ற எட்டாம் தலைமுறையிலிருந்து தேடுவது பாதுகாப்பு.

வெப்பமும் மின்சாரமும்

ப்ராசஸரின் மேல் உள்ள விசிறி அறையின் காற்றைக் கொண்டுதான் குளிர்விக்கிறது. அறை 30 பாகையிலிருந்து 40 பாகைக்குப் போனால் சில்லின் வெப்பமும் ஏறத்தாழ அந்தப் பத்துப் பாகை கூடும். எல்லையைத் தொட்டதும் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் மட்டும் விளையாட்டு விக்குவதற்குப் பல நேரம் இதுவே காரணம். பெட்டியில் 65 வாட் என்றிருப்பதும் முழு உண்மையன்று. ஐ5-12400எஃப்பின் அடிப்படை அளவு 65 வாட், உச்ச அளவு 117 வாட். குளிரூட்டி இல்லாத குவார்ட்டர்ஸ் அறைக்கு இந்த வகை ப்ராசஸர்கள் ஏற்றவை. இவற்றுக்கு மேற்பட்ட, சூடு அதிகமானவை அல்ல. திறந்தவெளிச் சுரங்கம் உள்ள ஊரில் தூசுக்குக் குறைவில்லை. கணினிப் பெட்டியில் வலைவடிகட்டி இருக்கட்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைத் துடைக்கவும்.

கணினி முழுவதும் சேர்ந்து 300 வாட் எடுத்து, நாளுக்கு 4 மணி நேரம் ஆடினால் 1.2 யூனிட். இரு மாதங்களுக்கு 72 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு இலவசமாகத் தரப்படும் 100 யூனிட்டில் இது முக்கால் பங்கை நெருங்குகிறது. (ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோ அளவில் பழுப்பு நிலக்கரி எரிகிறது என்பதை இவ்வூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.)

மதர்போர்டு

ப்ராசஸர் மதர்போர்டின் சாக்கெட்டோடு பிணைந்தது. 5600 பொருந்தும் ஏ.எம்.4, 12400எஃப் பொருந்தும் எல்.ஜி.ஏ. 1700 இரண்டுமே அடுத்த தலைமுறைக்கு வழிவிட்டுவிட்ட சாக்கெட்டுகள். மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான். ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு 2027 வரையேனும் ஆதரவு தொடரும் என்று ஏ.எம்.டி. அறிவித்துள்ளது, பின்னாளில் ப்ராசஸரை மட்டும் மாற்ற நினைப்பவருக்கு அது நல்லது. ஆனால் அதற்கு டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே பொருந்தும், 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கிறது. பழைய கணினியின் டி.டி.ஆர்.4 ரேம் கையில் இருந்தால் ஏ.எம்.4 பக்கம் போவதே கட்டுப்படியாகும். எல்.ஜி.ஏ. 1700 போர்டுகளில் டி.டி.ஆர்.4 வகையும் டி.டி.ஆர்.5 வகையும் தனித்தனியே உண்டு. ஒன்றின் ரேம் மற்றதில் நுழையாது.

பெட்டியோடு வரும் ப்ராசஸருக்கு இன்டெலும் ஏ.எம்.டி.யும் 3 ஆண்டு உத்தரவாதம் தருகின்றன. பெட்டியில்லாமல் 'ட்ரே' என்று விற்பதற்கு விற்பவர் சொல்வதுதான் உத்தரவாதம். பில்லில் அதை எழுதி வாங்க வேண்டும். பழைய பி450 போர்டு ஒன்றைக் கைமாற்றாக வாங்கி 5600ஐப் பொருத்துபவர், அதன் பயாஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பழைய பயாஸ் என்றால் புது ப்ராசஸரை அது அடையாளம் காணாது, திரை கருப்பாகவே இருக்கும். போர்டில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இருந்தால் ஒரு பென்டிரைவ் கொண்டு வீட்டிலேயே சரிசெய்யலாம். இல்லையென்றால் பழைய ரைசன் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் பொருத்தி, புதுப்பித்த பிறகே மாற்ற முடியும்.