காக்கைத்தீவுக் கரையும் வலசைப் பறவைகளும்

களனி கங்கை கடலில் கலக்கும் மட்டக்குளி முகத்துவாரத்தையொட்டிய காக்கைத்தீவுக் கரை, ஆர்க்டிக் வட்டாரத்தை இந்து சமுத்திரத்தோடு இணைக்கும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்பகுதியில் அமைந்திருப்பதால், ஏறத்தாழ செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா முதலிய பறவைகள் இத்தகைய கரைகளை நாடி வருகின்றன.

மனிதரோ நாயோ நெருங்கும்போது ஒரு பறவை பறந்தெழும் இடைவெளி ‘எழும்பு தொலைவு’ எனப்படும். அது இனத்துக்கு இனம் வேறுபடுவதோடு, சீராக நடந்து செல்பவரைக் காட்டிலும் கட்டின்றி ஓடும் நாய்க்குப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். வெருண்டெழும் ஒவ்வொரு முறையும் இரைதேடும் நேரம் குறைந்து, வடக்கு நோக்கிய நெடும்பயணத்துக்கென உடலில் சேர்த்த கொழுப்பும் செலவாகிறது. பறவை அங்கேயே விழுந்து இறப்பதில்லை என்பதால் இவ்விழப்பு எவர் கண்ணிலும் படுவதில்லை.

2018இல் ராம்சார் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட கொழும்பின் இக்கரையில், காற்று வாங்க வருவோரையும் பட்டம் விடுவோரையும் விலக்குவது முறையன்று (நெரிசல் மிகுந்த வடகொழும்பில் திறந்தவெளி அத்துணை அரிது). நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்வதும், மணல்திட்டில் கூடி நிற்கும் பறவைகளைச் சுற்றிச் செல்வதும், காகங்களை ஈர்க்கும் உணவுக் கழிவுகளை வீசாதிருப்பதும் போதிய பயன் தரும். இரைகொத்துவதை நிறுத்திப் பறவை தலையை உயர்த்துவது வெருட்சியின் முதற்குறியாகும். அக்கணமே நின்று பின்வாங்கினால் அது பெரும்பாலும் பறக்காது.