கிரிக்கெட் ‘சூதாட்டம்’: ஒரே சொல்லுக்குள் இரு வேறு செயல்கள்

புது தில்லி: ஆட்டத்தின் முடிவின் மீது பணம் கட்டுவது ஒன்று, அந்த முடிவையே முன்கூட்டி அமைத்துக்கொள்வது மற்றொன்று. தமிழ்ச் செய்திகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் ‘கிரிக்கெட் சூதாட்டம்’ என்ற ஒரே பெயரில் வருகின்றன. ‘சூது’ என்ற சொல்லுக்குப் பந்தய ஆட்டம், வஞ்சகம் ஆகிய இரு பொருளும் உண்டு என்பதால் இக்கலப்பு இயல்பானதே. ஆனால், சட்டத்தின் பார்வையில் இரண்டும் ஒன்றல்ல.

பந்தயம் கட்டுவதைப் பெரும்பாலான மாநிலங்கள் 1867-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டம் அல்லது தங்களுக்கெனத் தனிச் சட்டம் மூலம் தடுக்கின்றன. முடிவை முன்கூட்டி நிர்ணயிக்கும் ‘மேட்ச் ஃபிக்சிங்’கைத் தனிக் குற்றமாக வரையறுக்கும் மத்தியச் சட்டம் இல்லை. ஆகவே, காவல் துறை மோசடிப் பிரிவையே நாடுகிறது.

அப்பிரிவு போதுமா என்ற கேள்வி கர்நாடக பிரீமியர் லீக் வழக்கில் எழுந்தது. மோசடிக் குற்றம் நிரூபணமாக, ஏமாற்றப்பட்டவர் அதன் விளைவாகத் தமது பொருளை ஒப்படைத்திருக்க வேண்டும். ரசிகர்களோ தாமாக விரும்பியே நுழைவுச்சீட்டு வாங்கினர் என்று கூறிய கர்நாடக உயர் நீதிமன்றம், 2022 ஜனவரியில் அவ்வழக்கை ரத்து செய்தது. வீரரின் செயல் நேர்மையற்றதாக இருக்கலாம். அதன் மீது நடவடிக்கை எடுக்க வேண்டியது பிசிசிஐ என்றும் தெரிவித்தது. இதை எதிர்த்த மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது.

ஆட்டம் முழுவதையும் விற்காமல், ஓர் ஓவரை மட்டும் பேசி முடிப்பது ‘ஸ்பாட் ஃபிக்சிங்’. 2013 ஐபிஎல் தொடரின்போது ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவரை இப்புகாரில் தில்லி காவல் துறை கைது செய்தது. இடுப்பில் துண்டைச் செருகுவது போன்ற சைகைகள் மூலம் தரகர்களுக்குத் தகவல் சென்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. 2015 ஜூலையில் தில்லி நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது.

அதே மாதத்தில்தான் சென்னை சூப்பர் கிங்ஸ், ராஜஸ்தான் ராயல்ஸ் அணிகளை லோதா குழு இரண்டு ஆண்டுகள் இடைநீக்கம் செய்தது. அணி நிர்வாகத்தைச் சார்ந்தோர் பந்தயம் கட்டியதே அதற்குக் காரணம். இரு விவகாரங்களும் ‘ஐபிஎல் சூதாட்ட வழக்கு’ என்றே மக்கள் நினைவில் நின்றுவிட்டன.

மேட்ச் ஃபிக்சிங்கைக் கடும் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும் என 2018-இல் சட்ட ஆணையம் தனது 276-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இலங்கை 2019-இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி, 10 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனைக்கு வகை செய்தது. அங்குள்ள தமிழ் ஊடகங்கள் இக்குற்றத்தை ‘ஆட்ட நிர்ணய சதி’ என்று எழுதுகின்றன.