ஜெராக்ஸ் பாடம்: படிப்பா, திருட்டா?

கொல்கத்தாவின் டாக்குரியாவில் ரயில் ஏறினால் அடுத்த நிலையம் ஜாதவ்பூர். அருகிலேயே பல்கலைக்கழகம். தேர்வு நெருங்கினால் இப்பகுதி ஜெராக்ஸ் இயந்திரங்களுக்கு ஓய்வில்லை. ஆசிரியர் குறித்துக் கொடுத்த அத்தியாயங்கள் நகலாகி, ஸ்பைரல் பைண்டிங்கில் மாணவர் கைக்குப் போகின்றன. மூல நூல்களை வாங்குவதென்றால் ஆயிரக்கணக்கில் செலவாகும். சரி, இது படிப்பா, திருட்டா?

2012 ஆகஸ்டில் இதே கேள்வி டெல்லி உயர் நீதிமன்றத்தின் படியேறியது. வழக்குத் தொடுத்தவை ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் பிரான்சிஸும். எதிர்த்தரப்பில் டெல்லிப் பல்கலைக்கழகமும் அதன் வளாகத்தில் இயங்கிய ராமேஷ்வரி என்ற சிறு ஜெராக்ஸ் கடையும். பதிப்பகங்களுக்குச் சங்கடம் சொந்த வீட்டிலிருந்தே வந்தது. 1956-ல் ஜாதவ்பூரில் பொருளாதாரத் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற அமர்த்தியா சென், ஆக்ஸ்ஃபோர்டு வெளியிடும் எழுத்தாளர்களில் ஒருவர். சட்டத்தின் முழு பலத்தையும் காட்ட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகலெடுப்பது உரிமை மீறலாகாது என்கிறது 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு. 'பாடம் நடத்துவது' வகுப்பறையோடு முடிந்துவிடுவதில்லை, கல்வியாண்டு முழுவதும் தொடர்கிறது என்பது அவர் தந்த விளக்கம். டிசம்பர் 9 அன்று இரு நீதிபதிகள் அமர்வும் அடிப்படையில் இதை ஏற்றது. நிபந்தனை ஒன்றுதான்: நகலெடுத்த பகுதி பாடத்துக்குத் தேவையானதாக இருக்க வேண்டும். 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன. மே மாதம் உச்ச நீதிமன்றமும் இதில் தலையிட மறுத்தது.

எழுத்தையும் மொழிபெயர்ப்பையும் நம்பிப் பிழைப்பவர்கள் வயிற்றில் இது புளியைக் கரைக்கலாம். பயம் நியாயமானதே. ஆனால் முப்பது அத்தியாயங்களுக்காக எந்த மாணவரும் முப்பது புத்தகங்கள் வாங்கப் போவதில்லை. நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொள்வார், அவ்வளவுதான். இழக்காத விற்பனைக்கு நஷ்டக் கணக்கு எழுத முடியாது. அதே சமயம், முழு நாவலையும் திருட்டுத்தனமாக அச்சடித்து நடைபாதையில் விற்பவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

ஆகவே ஆசிரியர்கள் பயமின்றி நகல் கொடுக்கலாம். முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரோடு மொழிபெயர்த்தவர் பெயரும் இருக்கட்டும். அதற்கு ஜெராக்ஸ் கடைக்காரர் கூடுதலாக ஒரு பைசாவும் கேட்கமாட்டார்.