தலைச்சுற்றலும் தளராப் பயிற்சியும்



நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் காலை இறைவணக்கத்தின்போது சுவரைப் பற்றிக்கொண்டு நின்றான். ஏனென்று கேட்டேன். "தரை சுற்றுகிறது, ஐயா" என்றான். முகத்தில் வாட்டமில்லை, உடம்பில் சூடுமில்லை. "கணக்குத் தேர்வன்று தரை சுற்றத்தான் செய்யும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். அத்தீர்ப்பு எத்துணைப் பிழையானது என்பதை, ஓய்வு பெற்ற பின்னர், என் காலடியிலேயே தரை சுழன்றபோதுதான் உணர்ந்தேன். அந்தப் பாடத்தையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

2019ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழும் என் மகளின் இல்லத்தில் தங்கியிருந்தேன். வீட்டின் பின்னே சிறு காடு. அதனூடே புல் அடர்ந்த ஒற்றையடிப் பாதை. நாள்தோறும் காலையில் அங்கு உலாவுவேன். ஜூலை மாதத்தில் என் தொடையில் சிவந்த வட்டமொன்று தோன்றி, நாளுக்கு நாள் விரிந்தது. வலியில்லை, ஆகையால் ஒருவரிடமும் சொல்லவில்லை. பின்னர்க் காய்ச்சல் வந்தது. பயணக் களைப்பென்று எண்ணினேன். ஒருநாள் படுக்கையினின்று எழுந்தபோது அறை முழுவதும் இராட்டினம்போலச் சுழன்றது. மருத்துவர் சோதித்துவிட்டு, "இது லைம் நோய்" என்றார்.

இந்நோய்க்குப் பெயர் தந்த ஊர் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. 1975ஆம் ஆண்டில், கனெக்டிகட் ஆறு கடலோடு கலக்குமிடத்தை அடுத்துள்ள லைம், ஓல்ட் லைம் ஆகிய ஊர்களில் குழந்தைகள் பலருக்கு மூட்டுகள் வீங்கின. பாலி மரே என்ற தாய் தம் குடும்பத்தாரின் நோய்க்குறிகளை நெடுங்காலமாக எழுதி வைத்திருந்தார். மருத்துவர் பலர் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவரைப் போன்ற தாய்மார்களின் முறையீட்டிற்குப் பின்னரே, யேல் பல்கலைக்கழகத்து ஆலன் ஸ்டீர் முதலியோர் ஆராயத் தொடங்கினர். பின்னர் வில்லி பர்க்டார்ஃபர் என்ற அறிஞர், உண்ணியின் குடலில் திருகுசுருள் வடிவான பாக்டீரியாவைக் கண்டு, 1982இல் உலகுக்கு அறிவித்தார். அந்த நுண்ணுயிர் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்த உண்ணியின் இளம்பருவம் கசகசா விதையளவே இருக்கும், கடித்தாலும் வலிக்காது. பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் உடலில் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் நோயைத் தரும். ஆகவே, அப்பகுதிகளில் காட்டுவழி சென்று திரும்புவோர் அன்றே உடம்பைச் சோதித்து, உண்ணியைச் சிறு சாமணத்தால் பற்றி எடுத்துவிட வேண்டும். நான் அதைச் செய்யவில்லை.

மருத்துவர் டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்தை மூன்று வாரம் கொடுத்தார். காய்ச்சல் நீங்கியது, சிவப்பு மறைந்தது. ஆனால் தலைச்சுற்றல் நீங்கவில்லை. சிகிச்சை முடிந்த பின்னும் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு அயர்வு, உடல்வலி, நினைவுத் தடுமாற்றம் ஆகியவை மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. நெருப்பை அணைத்த பிறகும் சுவரில் வெடிப்பு நிற்பதில்லையா? அதுபோல, என் ஒரு பக்கத்துச் சமநிலை நரம்பு நலிந்துவிட்டது என்றார்கள்.

சமநிலை நரம்பு என்றால் என்ன? நம் செவி கேட்பதற்கு மட்டும் அமைந்ததன்று. உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள், ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களில் அமைந்துள்ளன. அவற்றினுள் நீர்மம் இருக்கிறது. தலையைத் திருப்பும்போது, நீர்மம் சற்றே பின்தங்கி, நுண்ணிய உணர்மயிர்களை வளைக்கிறது. அச்செய்தியை நரம்பு மூளைக்குக் கொண்டு செல்கிறது. செவிக்குள் வெந்நீரோ குளிர்ந்த நீரோ செலுத்தினால் கண்கள் தாமாகவே அசைவதைக் கொண்டு, இவ்வுறுப்பைச் சோதிக்கும் வழியை ராபர்ட் பாரனி கண்டார். அதற்காக 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்ற செய்தி, அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தபோது அவரை எட்டியது.

இனி, ஒரு வகுப்பில் இரண்டு மாணவத் தலைவர்கள் இருப்பதாகக் கொள்ளுங்கள். ஒருவன், "எல்லோரும் அமைதியாக அமர்ந்திருக்கிறார்கள்" என்கிறான்; மற்றவன், "எல்லோரும் ஓடுகிறார்கள்" என்கிறான். தலைமையாசிரியன் யாரை நம்புவான்? ஒரு செவி நலிந்தால் மூளையும் இவ்வாறே திகைக்கிறது. அத்திகைப்பே தலைச்சுற்றல்.

சுற்றுகிறதே என்று அஞ்சி, நான் பல நாள் படுத்தே கிடந்தேன். அதுவே என் இரண்டாவது பிழை. அசையாதவனுடைய மூளை புதிய கணக்கைக் கற்பதில்லை. 1940களில் இங்கிலாந்தில் காத்தோர்ன், குக்ஸி என்ற இருவர், இத்தகையோர்க்கென உடற்பயிற்சி முறையொன்றை வகுத்தனர். அதன் வழிவந்த பயிற்சிகளையே எனக்கும் கற்பித்தார்கள். ஓர் அட்டையில் "அ" என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். கண்ணை அவ்வெழுத்தில் நிறுத்தியபடி, தலையை இடமும் வலமும் அசைக்க வேண்டும். முதலில் அரை நிமிடம், நாளுக்கு மூன்று முறை. பிறகு எழுந்து அமர்தல், சுவரோரம் நடத்தல், திரும்பிப் பார்த்துக்கொண்டே நடத்தல். முதல் வாரத்தில் சுற்றல் மிகுந்தது, குமட்டலும் வந்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் எழுத்துகளோடு வாழ்ந்தவன், முதலெழுத்தின் முன் தள்ளாடி நின்றேன். ஆறு வாரத்தில் துணையின்றித் தெருமுனை வரை நடந்தேன், ஓராண்டில் படியேறினேன்.

அயர்வை வெல்ல, நாளைக் கூறுகளாகப் பிரித்துக்கொண்டேன். தெம்பான நாளில் இரு நாள் வேலையைச் செய்தால், மறுநாள் படுக்கைதான் என்பதை அனுபவத்தில் கண்டேன். மறதிக்குக் குறிப்பேடு வைத்துக்கொண்டேன். இரவில் சிறு விளக்கு எரியவிட்டேன். ஏணியில் ஏறுவதை விட்டேன். மருந்தை மாதக்கணக்கில் நீட்டிக்கச் சிலர் அறிவுரை கூறினர். ஆனால், நீங்காத குறிகளுக்காக 90 நாள் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்துப் பார்த்து 2001இல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வு, வெறும் போலி மருந்தைவிட அதனால் கூடுதல் பயனில்லை என்று காட்டியது. எனவே அதை நாடவில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்வேன். தலைச்சுற்றலுக்குக் காரணங்கள் பல; லைம் நோய் அவற்றுள் அரியது. எனவே காரணத்தை மருத்துவரே ஆராய்ந்து கூற வேண்டும். திடீரெனத் தலை சுற்றி, அதனோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரட்டித்தாலோ, கைகால் சோர்ந்தாலோ, ஒரு கணமும் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு விரைக.

நண்பர்களே, எனக்கு நேர்ந்த துன்பங்களுள் பெரியது சுழற்சியன்று. "பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?" என்று பலர் கேட்டதே பெரிது. அவ்வாறு கேட்டபோதெல்லாம், சுவரைப் பற்றிக்கொண்டு நின்ற அந்தச் சிறுவன் என் கண்முன் வந்தான். அவன் இன்று எங்கிருக்கிறான் என்று அறியேன். அவனிடம் வருத்தம் தெரிவிக்கும் வாய்ப்பும் எனக்குக் கிட்டவில்லை. உங்கள் வகுப்பில் யாரேனும் "தரை சுற்றுகிறது" என்று சொன்னால், சிரிக்காதீர்கள். முதலில் அமரச் செய்யுங்கள். பிறகு ஆசிரியரை அழையுங்கள்.