வீட்டுத் திரையரங்குக்கு ஒரு கம்ப்யூட்டர்

நம் சங்கத்தில் மாதக் கூட்டம் முடிந்து காபி குடிக்கிற நேரத்தில் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "டிவியோடு சேர்த்து வைக்க ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். ப்ளூ-ரே படம் போட்டுப் பார்க்கணும். எது வாங்கலாம்?" கடைசியாகக் கேட்டவர் தென்கிழக்கு ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். சாந்தினி மார்க்கெட்டில் ஒரு கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டையும் கையோடு கொண்டு வந்திருந்தார். எட்டு கோர் ப்ராஸஸர், 32 ஜிபி மெமரி, கல்லூரிப் பிள்ளைகள் கனவு காணும் கிராஃபிக்ஸ் கார்டு என்று பட்டியல் நீண்டது. மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேல். ஆனால் டிரைவ் என்ற இடத்தில் 'டிவிடி ரைட்டர்' என்று இருந்தது.

"ஸார், இதில் உங்கள் படம் ஓடாது" என்றேன்.

"என்னப்பா சொல்றே, இவ்வளவு விலை போட்டிருக்கானே!" என்றார்.

அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். வேறு சில வீடுகளிலும் இதே சீட்டு காத்திருக்கலாம்.

முதலில் அவரிடம் இருந்த தகடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் மகன் அனுப்பியது, சத்யஜித் ராயின் 'அப்பு' படங்கள் மூன்றும் அடங்கிய ப்ளூ-ரே பெட்டி. பெரியவர் கல்கத்தா வந்த புதிதில், வங்காளம் ஒரு வார்த்தை தெரியாமலே 'பதேர் பாஞ்சாலி' பார்த்தவர். 1955இல் வந்த அந்தப் படத்தின் மூல நெகடிவ், 1993இல் லண்டனில் ஒரு லாபரட்டரியில் ஏற்பட்ட தீ விபத்தில் சிக்கியது. கருகியதில் தேறியவற்றை இத்தாலியில் போலோன்யா நகரத்து நிபுணர்கள் பக்குவப்படுத்தி எடுத்தார்கள். இல்லாத பகுதிகளுக்கு வேறு பிரதிகளைச் சேர்த்தார்கள். அப்படி மீட்ட படம் 2015இல் வெளிவந்தது. அவ்வளவு பாடுபட்டு மீட்ட நுணுக்கம் நம் வீட்டுத் திரை வரைக்கும் வந்து சேர வேண்டாமா?

டிவிடியில் ஒரு படச்சட்டம், நம் ஊர் பிஏஎல் முறையில், 720 x 576 புள்ளிகள். ப்ளூ-ரேயில் 1920 x 1080. புள்ளிகளின் எண்ணிக்கையில் சரியாக ஐந்து மடங்கு. இத்தனையும் ஒரே அளவுத் தகட்டில் அடங்க வேண்டுமானால் எழுத்து பொடியாக இருக்க வேண்டும். அதைப் படிக்கும் ஒளியும் மெல்லியதாக வேண்டும். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ப்ளூ-ரேயைப் படிப்பது 405 நானோமீட்டர் நீல ஊதா லேசர். அதனால்தான் 4.7 ஜிபி கொண்ட இடத்தில் 25 ஜிபி, இரண்டு அடுக்குத் தகட்டில் 50 ஜிபி கொள்கிறது. சிவப்பு லேசரை வைத்துக்கொண்டு ப்ராஸஸர் எவ்வளவு வேகமாக ஓடி என்ன பயன்?

ஆகவே சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது டிரைவ். 'பிடி' என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேகத்தைப் பற்றிக் கவலை வேண்டாம்; படம் ஓட ஒன்றரை மடங்கு வேகமே போதும், இன்று கிடைப்பவை எல்லாம் அதைத் தாண்டியவை. இன்னொரு சிக்கல், இப்போது வரும் கேபினெட்டுகளில் பாதிக்கு மேல் டிரைவ் பொருத்தும் ஐந்தேகால் அங்குல இடமே கிடையாது. முன்பக்கம் முழுவதும் கண்ணாடியும் கலர் விளக்கும்தான். டிரைவையும் கேபினெட்டையும் சேர்த்தே தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் வாங்கலாம், படத்துக்கு அது தாராளம். சில வெளி டிரைவ்கள் சுழலத் தொடங்கும்போது மின்சாரம் போதாமல் திணறும்; அவற்றை நீட்டிப்பு வயரில் மாட்டாமல் கம்ப்யூட்டரின் பின்பக்கத்து யுஎஸ்பியிலேயே நேரடியாக மாட்டுவது நல்லது.

அடுத்தது ப்ராஸஸர். பணம் வீணாவது இங்கேதான். ப்ளூ-ரே தகட்டில் படம் எம்பெக்-2, விசி-1, எச்.264 என்ற மூன்று முறைகளில் ஒன்றில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். 2006இல் ப்ளூ-ரே வந்தபோது இதை விரிப்பதற்குள் அன்றைய கம்ப்யூட்டர்களுக்கு மூச்சு வாங்கியது உண்மை. அந்தக் காலத்து ஆலோசனையைத்தான் இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு எச்.264ஐ விரிக்கும் வேலைக்கென்றே தனிப் பகுதியை ப்ராஸஸருக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் இன்றைய சாதாரண ப்ராஸஸருக்கு ஒரு பொருட்டல்ல. இன்டெல் ஐ3 போன்றது ஒன்று, அல்லது கிராஃபிக்ஸ் உள்ளேயே அமைந்த ஏஎம்டி ரைஸன் ஒன்று, 8 ஜிபி மெமரி, விண்டோஸ் வைக்க ஒரு சின்ன எஸ்எஸ்டி, இவ்வளவே போதும். இன்டெல் வாங்கும்போது பெயரின் முடிவில் 'எஃப்' இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. விலை கொஞ்சம் குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள்.

தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம் என்று சொல்வதற்கு விலை மட்டும் காரணம் அல்ல. சூடும் சத்தமும் முக்கியமான காரணங்கள். மே மாதம், கல்கத்தா புழுக்கத்தில், டிவிக்குக் கீழே மர அலமாரியில் அடைத்து வைத்த கம்ப்யூட்டர் என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே மூன்று நான்கு சின்ன விசிறிகள் அலறும். ராய் படத்தில் யாரும் பேசாத இடங்கள் எத்தனை! அங்கெல்லாம் விசிறிதான் பேசும். குறைந்த மின்சாரம் இழுக்கும் ப்ராஸஸர், மெதுவாகச் சுழலும் பெரிய 120 மில்லிமீட்டர் விசிறி, பின்பக்கம் திறந்த அலமாரி, இந்த மூன்றும் இருந்தால் நிம்மதி.

அடுத்து, கடையில் யாரும் சொல்லாத சங்கதி ஒன்று. வெறும் டிரைவ் வாங்கினால் படம் வந்துவிடாது. விண்டோஸில் ப்ளூ-ரே படம் ஓட்டும் வசதி கிடையாது. தகட்டில் உள்ள படம் ஏஏசிஎஸ் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. அதன் சாவியை உரிமம் பெற்று வைத்திருக்கும் பவர்டிவிடி போன்ற மென்பொருளைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். டிரைவோடு இலவசமாகத் தருவது பெரும்பாலும் பழைய பதிப்பு. புதிதாக வரும் தகடுகளுக்குச் சாவியைப் புதுப்பிக்க இன்டர்நெட்டும் வேண்டும். பூட்டை உடைக்கும் வழிகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் இருந்து டிவிக்குப் போகும் வழியிலும் ஒரு காவல் உண்டு, அதற்கு எச்டிசிபி என்று பெயர். கம்ப்யூட்டர், நடுவில் ஆம்ப்ளிஃபயர் இருந்தால் அது, டிவி என்று எல்லாம் எச்டிஎம்ஐ வழியே ஒன்றையொன்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் படம் தெரியும். பழைய ப்ரொஜெக்டரை விஜிஏ கேபிளில் மாட்டினால் இந்த விசாரணைக்கே இடம் இல்லை. பெரும்பாலும் உயர்தெளிவுப் படம் வராது.

வெளியூரில் வாழும் நம்மைப் போன்றவர்களுக்கென்றே வந்த தொல்லை ஒன்று இருக்கிறது. ப்ளூ-ரே உலகத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் 'ஏ'. ஐரோப்பா, ஆஸ்திரேலியா 'பி'. இந்தியா 'சி'. மகன் நியூஜெர்சியில், மகள் லண்டனில், நாம் இங்கே என்றால் ஒரே வீட்டு அலமாரியில் மூன்று மண்டலமும் வந்து சேரும்! மண்டலம் குறிக்காத தகடுகளும் நிறைய உண்டு, அவை எங்கும் ஓடும். ஆனால் பெரியவரிடம் இருந்த பெட்டி 'ஏ' மண்டலத்துக்கு உரியது. நம் கடைகளில் விற்கும் ப்ளேயரில் அது ஓடாது. அவர் விஷயத்தில் கம்ப்யூட்டரே சரி என்று நான் சொன்னது இதனால்தான். ப்ளூ-ரேக்கு மண்டலத்தைப் பார்ப்பது டிரைவ் அல்ல, மென்பொருள். அதில் மண்டலத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பொதுவாக ஐந்து முறைக்கு மேல் விடாது. ஆகவே முதல் நாளே உங்களிடம் எந்த மண்டலத் தகடு அதிகம் என்று எண்ணிப் பார்த்து, அதிலேயே நிறுத்திவிடுங்கள். பேரப்பிள்ளைகள் விளையாட்டாக மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் ஓட ஆரம்பித்ததும் செய்ய வேண்டிய காரியம் ஒன்று. சினிமா நொடிக்கு 24 சட்டம். டிவியோ சாதாரணமாக நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. 60ஐ 24ஆல் வகுத்தால் இரண்டரை. அதனால் ஒரு சட்டம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறிக் காட்டுவார்கள். கேமரா மெதுவாக நகரும்போது இது லேசான குலுங்கலாகத் தெரியும். 'பதேர் பாஞ்சாலி'யில் வெள்ளைப் பூ பூத்த நாணல் வெளியில் குழந்தைகள் ரயிலைப் பார்க்கும் இடம் குலுங்கினால் எப்படி இருக்கும்? கம்ப்யூட்டரின் டிஸ்ப்ளே அமைப்பில் 24 ஹெர்ட்ஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். செலவில்லாத வேலை.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ எல்லாம் முழுமையாக வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ உள்ள ரிசீவரும் ஐந்தாறு ஸ்பீக்கரும் வேண்டும். ஆப்டிகல் கேபிளில் அவை போகாது. டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்கள் மென்பொருளில் 'ஸ்டீரியோ' என்று வைத்துவிட்டால் வசனம் தெளிவாகக் கேட்கும். அப்பு படங்களுக்கு இருப்பது ஒற்றை ஒலித்தடம்தான். ரவிசங்கரின் சிதாருக்கு அது போதும்.

கடைசியாக 4கே ப்ளூ-ரே. 2016இல் வந்த இந்தத் தகடுகளைப் பற்றித்தான் இளைஞர்கள் கேட்கிறார்கள். கம்ப்யூட்டரில் இவற்றை முறையாக ஓட்ட, இன்டெல்லின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அம்சம் கட்டாயம். ஏழாம் தலைமுறை முதல் பத்தாம் தலைமுறை வரையிலான ப்ராஸஸர்களில் அது இருந்தது. பதினோராம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள். ஏஎம்டியில் எப்போதுமே இல்லை. அதாவது இன்று நீங்கள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கும் புதுக் கம்ப்யூட்டரும் 4கே தகட்டை முறையாக ஓட்டாது. இதற்காகப் பழைய ப்ராஸஸரைத் தேடி அலைவதும் வீண். தனி 4கே ப்ளேயர் வாங்குங்கள். 4கே தகடுகளுக்கு மண்டலமும் இல்லை என்பதால் மகன் அனுப்பினாலும் மகள் அனுப்பினாலும் ஓடும்.

விலைகளை எழுதவில்லை. சாந்தினியில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. போகும்போது உங்கள் தகடு ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். கடையிலேயே மென்பொருளை ஏற்றச் சொல்லி, மண்டலத்தை நீங்களே அமைத்து, எச்டிஎம்ஐ டிவி ஒன்றில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். தங்க முலாம் பூசிய கேபிள் என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு மீட்டருக்குச் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும்.