மிச்சமாகும் ஓர் ஆண்டு எந்தத் தாளில் இருக்கிறது?

பிளஸ் டூ முடிவு வெளியானதும் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், கேளம்பாக்கம் பக்கத்து வீடுகளில் ஒரு கூட்டல் கழித்தல் நடக்கும். மூன்றாண்டு இளநிலை, அதன்மேல் ஈராண்டு முதுநிலை, நடுவில் இன்னொரு நுழைவுத் தேர்வு, இன்னொரு அட்மிஷன், இன்னொரு கட்டணம். இத்தனை அலைச்சல் எதற்கு, ஐந்தாண்டு இன்டகிரேட்டட் படிப்பில் சேர்த்துவிட்டால் கவலை தீர்ந்தது என்பார் ஒருவர். நான்காண்டு படித்தால் முதுநிலை ஒரே ஆண்டுதானே என்பார் இன்னொருவர். மூன்றாண்டுப் பட்டத்தையே இரண்டரை ஆண்டில் முடிக்கலாமாமே என்று மூன்றாவது குரலும் இப்போது கேட்கிறது. ஜிஎஸ்டி சாலையிலும் ஓஎம்ஆரிலும் தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் வரிசையாக நிற்கும் இந்தப் புறநகரில் கடை விரிப்பதற்கும் பஞ்சமில்லை. விரைவுப் படிப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. சேரும் வாசலைப் பார்த்து அதை எடைபோடுகிறோமே, அதுதான் தவறு. பாதியில் நின்றால் கையில் என்ன பட்டம், முடித்தால் அந்தப் பட்டத்தை யார் ஏற்பார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் இருந்தால்தான் அந்த ஓர் ஆண்டு உண்மையிலேயே மிச்சம்.

விதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்கு 160 கிரெடிட். நான்காண்டு முடித்தவருக்கு முதுநிலை ஓராண்டு போதும் என்பதை 2024-இல் வந்த முதுநிலைக் கட்டமைப்பு உறுதி செய்தது. இதே மானியக் குழு 2024 இறுதியில் விரைவுப் பட்டத் திட்டம் ஒன்றுக்கும் ஒப்புதல் கொடுத்தது. செமஸ்டருக்குக் கூடுதல் கிரெடிட் எடுத்து, மூன்றாண்டுப் படிப்பை ஐந்து செமஸ்டரிலேயே முடிக்கும் வழி இது. முதல் அல்லது இரண்டாம் செமஸ்டர் முடிவில் விண்ணப்பிக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து சதவீதத்துக்குள்தான் இதற்கு வாய்ப்பு. அதாவது, சேரும் நாளிலேயே யாரும் இதை உறுதியளிக்க முடியாது. தமிழ்நாடு அரசோ தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை; சென்னைப் பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலையே வழக்கம். 1937 முதல் தாம்பரத்தில் இயங்கும் சென்னைக் கிறித்துவக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரி பாடத்தையும் தேர்வையும் தானே நடத்தினாலும் பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தானே பட்டம் தரும். ஆகவே ஒரே சாலையில் இருக்கும் இரண்டு நிறுவனங்கள் 'விரைவுப் படிப்பு' என்று சொன்னாலும் அதற்குப் பின்னால் இருக்கும் அதிகாரம் ஒன்றல்ல.

பாதியில் நிற்பவரின் நிலைக்குச் சட்டப் படிப்பு நல்ல சான்று. ஏதாவது ஒரு பட்டம் முடித்து மூன்றாண்டு எல்எல்பி படித்தால் ஆறு ஆண்டுகள்; பிளஸ் டூ முடித்து நேராக பி.ஏ. எல்எல்பி சேர்ந்தால் ஐந்து. பெருங்குடியில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப்பள்ளி ஐந்தாண்டுப் படிப்பை நடத்துகிறது. ஓர் ஆண்டு மிச்சம் என்பது இங்கே உண்மை, யாரும் மறுக்க முடியாது. ஆனால் இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள், இந்த இரட்டைப் பட்டப் படிப்பை நடுவில் உடைத்து ஒரு பட்டத்தை மட்டும் கொடுத்தனுப்பக் கூடாது என்கின்றன. மூன்று ஆண்டு படித்துவிட்டு, சட்டம் நமக்கு ஒத்துவராது என்றோ அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றோ வெளியேறும் மாணவி பி.ஏ. பட்டதாரி ஆவதில்லை. சட்ட ரீதியாக அவர் பிளஸ் டூ படித்தவர்தான். வேறொரு புறம், சென்னை ஐஐடி இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பைப் பாருங்கள். அடிப்படைச் சான்றிதழ், டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று ஒவ்வொரு கட்டத்திலும் வெளியே வர ஒரு கதவும், கையில் ஒரு தாளும் உண்டு. இரண்டுமே முறையான படிப்புகள்தான். எது எந்த வகை என்று சேருமுன் தெரிந்திருப்பது மாணவரின் உரிமை.

முடித்த பிறகு ஏற்பு கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு நம் பகுதியிலேயே ஒரு பழைய பாடம் உண்டு. முதல் பட்டம் இல்லாமலே நேரடியாக எம்.ஏ. வாங்கும் வழியை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் திறந்தவெளி முறையில் ஒரு காலத்தில் கொடுத்தது. அப்படிப் பெற்ற எம்.ஏ.வை வைத்து தரமணி திரைப்பட நிறுவனத்தின் பதவி ஒன்று தொடர்பாக எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மூன்றாண்டு முதல் பட்டம் இல்லாத முதுநிலை செல்லாது என்று 2009 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசாணை 107 பிறப்பித்து, பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் முடிக்காமல் திறந்தவெளியில் வாங்கிய பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்க முடியாது என்றது. டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகள் இன்றும் பத்து, பிளஸ் டூ, இளநிலை, முதுநிலை என்ற வரிசையைக் கேட்கின்றன. ஐந்தாண்டுப் படிப்பில் சேரும் பிள்ளை பத்தும் பிளஸ் டூவும் முடித்தவர்தானே, அந்தத் தீர்ப்புக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு இல்லைதான். ஆனால் பட்டம் தருபவர் ஒருவர், வேலை தருபவர் வேறொருவர், இருவரும் ஒரே சட்டத்தை ஒரே மாதிரி வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்பதை அந்த வழக்கைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தனி பி.எஸ்சி. இல்லாமல் எம்.எஸ்சி. மட்டும் கையில் உள்ளவர் பி.எட். சேரும்போதும், இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் போகும்போதும் இந்தப் பிரச்சினை தலைகாட்டும். பட்டத்தின் பெயர் சற்றே மாறினாலும் உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

விரைவாக முடித்த பட்டத்தையும் வழக்கமான பட்டத்துக்குச் சமமாகக் கருத வேண்டும் என்று யுஜிசியே சொல்லிவிட்டதே என்பது வலுவான மறுப்பு. சொல்லியிருப்பது உண்மை. ஆனால் கொள்கை நிலையாக நிற்கும் என்பதற்கு வரலாறு சாட்சி சொல்லவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013-இல் நான்காண்டு இளநிலையைத் தொடங்கி 2014 ஜூனிலேயே கைவிட்டது; நடுவில் மாட்டியவர்கள் அதில் சேர்ந்திருந்த மாணவர்கள். ஏழை வீட்டுக்கு ஓர் ஆண்டு முன்னதாகச் சம்பளம் வருவது பெரிய விஷயமில்லையா என்பது இன்னொரு மறுப்பு. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன், அதனாலேயே கூடுதலாகப் பயப்படுகிறேன். கூடுதல் கிரெடிட் என்றால் கூடுதல் தாள்கள். மறைமலைநகரிலிருந்து மின்சார ரயிலில் வந்து, மாலையில் பகுதி நேர வேலைக்கும் ஓடும் பிள்ளைக்கு ஒரு அரியர் விழுந்தால் மிச்சப்படுத்திய செமஸ்டர் அங்கேயே போய்விடும். முதல் பட்டம் வரை என்று வரையறுத்த உதவித்தொகை ஐந்தாண்டுப் படிப்பில் எந்த ஆண்டோடு நிற்கும் என்றும் அந்த வீடு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். வசதியான வீடு ஒரு தவறான முடிவைத் தாங்கும், மற்றவர்கள் வட்டிக்கு வாங்கித் தாங்குவார்கள்.

ஆகவே கட்டணம் கட்டுமுன் கேட்க வேண்டியதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் வெளியேறினால் எந்தப் பெயரில் பட்டம், அதற்குத் தனி மதிப்பெண் பட்டியலும் புரொவிஷனல் சான்றிதழும் உண்டா, நான்காம் ஆண்டில் ஆராய்ச்சியோடு கூடிய ஹானர்ஸுக்கு முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் கேட்கும் விதியை இங்கே எப்படி நடைமுறைப்படுத்துகிறார்கள், வெளியேறுபவரிடம் மீதி ஆண்டுகளின் கட்டணம் கேட்பார்களா என்பவை அதில் இருக்கட்டும். "யுஜிசி அப்ரூவ்டு" என்ற ஒரு வரி இவற்றில் எதற்கும் பதிலாகாது. கவுன்சலிங் மேசையில் வாயால் சொன்னதற்குப் பின்னாளில் சாட்சி கிடையாது. பெற்ற கிரெடிட்டுகள் அகாடமிக் பாங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று செமஸ்டர்தோறும் டிஜிலாக்கரில் பார்த்துக்கொள்வதும் நல்லது. வேறு கல்லூரிக்கு மாறும் நாளில் அதுதான் பேசும்.

சேர்ந்த பிறகு மனம் மாறினாலும் வழி இருக்கிறது. அசல் சான்றிதழ்களை நிறுவனம் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்பது யுஜிசியின் 2018 அறிவிக்கை. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுக் கட்டணம், அதற்குப் பின் படிப்படியாக 90, 80, 50 சதவீதம், கடைசித் தேதி போய் முப்பது நாள் கழிந்தால் ஒன்றுமில்லை என்று அதே அறிவிக்கை கணக்கு வைத்திருக்கிறது. சில ஆண்டுகளில் தனிச் சுற்றறிக்கை வந்து இந்தக் கெடுவை மாணவருக்குச் சாதகமாக நீட்டியதும் உண்டு. சேரும் ஆண்டின் சுற்றறிக்கையைப் பாருங்கள். கையேட்டில் சொன்னது ஒன்று, நடப்பது வேறு என்றால் 2023 ஏப்ரலில் வந்த மாணவர் குறைதீர் விதிகளின்படி நிறுவனத்தின் குறைதீர் குழுவுக்கு எழுதலாம்; பதினைந்து வேலை நாளுக்குள் அது அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் பதினைந்து நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. பல்கலைக்கழகங்கள் தொடர்பான புகார்களில் மாணவர் நுகர்வோரா என்பதில் நீதிமன்றங்கள் பலமுறை எதிராகவே சொல்லியிருப்பதால், நுகர்வோர் ஆணையத்தை முதல் படியாக நம்பிப் போக வேண்டாம். உயர் நீதிமன்றம் வரை போக வேண்டி வந்தால், வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு; தாம்பரத்துக்காரர்கள் செங்கல்பட்டு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இவ்வளவு தூரம் போகாமல் தப்பிக்கச் சிக்கனமான வழி தகவல் அறியும் உரிமைச் சட்டம். "இந்தப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பெயர் கொண்ட பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா, இருந்தால் நகல் தருக" என்று உயர்கல்வித் துறைக்கு எழுதினால் பத்து ரூபாய்க் கட்டணத்தில் முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். அடுத்த ஆண்டு சேர இருப்பவர் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே இந்த மனுவை அனுப்பிவிட்டால், முடிவு வரும் நாளில் பதில் கையில் இருக்கும்.